30 பேருக்குப் பழ பானம்: முதல் டம்ளர் ருசி கடைசி டம்ளர் வரை நிற்க என்ன செய்வது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: கோடையில் ஒரு மதியம் 30 பேர் கூடுகிறார்கள், குளிர்ச்சியாக ஒரு பழ பானம் வேண்டும், போன முறை தர்பூசணி, எலுமிச்சை, புதினா மூன்றையும் மிக்ஸியில் அடித்து ஐஸ் போட்டு வைத்தீர்கள், முதல் ரவுண்டை எல்லோரும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேலே சிவப்புச் சக்கை, கீழே வெளிறிய தண்ணீர், ருசி சப்பென்று, போதாததற்கு லேசாகக் கசப்பு. "நல்ல செய்முறை ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் ரவுண்டு நன்றாக இருந்தது என்றால் பழத்திலோ கலவையிலோ பெரிய தப்பு இல்லை. அந்த ருசியைக் கடைசி டம்ளர் வரை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். வேறு ஏதாவது பழத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளாமல், அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் பாத்திரத்துக்குள் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்கி, அப்புறம் அளவுகளுக்கு வருகிறேன்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன், பல வருடங்களாக விருந்துகளுக்குப் பானம் கலக்கும் சமையலறையில்தான் பொழுது போகிறது. ஆகவே கீழே இருப்பதில் கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் கைப்பழக்கம். எது எது என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பானம் விஷயத்தில் ஆளாளுக்கு அடித்துச் சொல்வதில் பாதி வெறும் பழக்கம்தான், என்னுடையதையும் சேர்த்து.

முதல் குற்றவாளி ஐஸ். அறை வெப்பத்தில் இருக்கும் ஜூஸில் ஐஸைக் கொட்டிக் குளிர வைத்தீர்கள் என்று நினைக்கிறேன், ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பானம் 30 டிகிரியில் இருக்கிறது, அதை 4 டிகிரிக்கு இறக்க வேண்டும் என்றால் சுமார் 109 கிலோஜூல் வெப்பத்தை அதிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 334 ஜூல் இழுத்துக்கொள்ளும், உருகிய தண்ணீர் 4 டிகிரிக்கு ஏறும்போது இன்னும் ஒரு 17 ஜூல். வகுத்தால் 310 கிராம் வருகிறது. அதாவது லிட்டருக்கு 310 மில்லி பச்சைத் தண்ணீரை, குளிர வைக்கிற சாக்கில், நீங்களே ஊற்றுகிறீர்கள். இது முதல் பத்து நிமிடக் கணக்குதான், அதற்கு மேல் வெயில் உருக்குவது தனி. இதே பானம் ஃபிரிட்ஜிலிருந்து 6 டிகிரியில் வெளியே வந்தால் 4-க்கு இறக்க லிட்டருக்கு 24 கிராம் ஐஸ் போதும். வித்தியாசம் பதின்மூன்று மடங்கு. இது என் அபிப்பிராயம் இல்லை, பள்ளி இயற்பியல், எந்த ஊர் ஐஸுக்கும் பொருந்தும்.

அதனால் பானத்தைக் குளிர வைக்கும் வேலை ஃபிரிட்ஜுக்கு, குளிர்ந்ததை அப்படியே வைத்திருக்கும் வேலை மட்டும் ஐஸுக்கு. அப்போதும் ஐஸ் கொஞ்சம் உருகத்தான் செய்யும், தடுக்க முடியாது. அந்தத் தண்ணீரையும் ஒரு சேர்மானமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஐஸ் போடுவதற்கு முன் பானத்தைக் கொஞ்சம் கெட்டியாக, கொஞ்சம் அதிக இனிப்பாக, கொஞ்சம் அதிகப் புளிப்பாகக் கலக்க வேண்டும். எவ்வளவு அதிகம் என்றால், முன்கூட்டியே குளிர்ந்த பானத்தை ஐஸ் போட்ட டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் குடித்து முடிப்பதற்குள் 15 முதல் 20 சதவீதம் தண்ணீர் கூடும் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த எண் மட்டும் என் கைக்கணக்கு, ஐஸ் கட்டியின் அளவு, வெயில், ஆள் குடிக்கும் வேகம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும்.

இன்னொன்று, ருசி பார்ப்பது. குளிர்ந்த பானத்தில் இனிப்பு நாக்குக்கு மங்கலாகத்தான் தெரியும், இனிப்பை உணர்த்தும் ஏற்பாடே வெப்பம் குறையக் குறைய மந்தமாகிவிடுகிறது. உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதும், அதே ஐஸ்கிரீம் கட்டியாக இருக்கும்போது சரியாக இருப்பதும் இதனால்தான். ஆகவே மிக்ஸியிலிருந்து வந்த சூட்டோடு ஒரு வாய் குடித்துவிட்டு "ஆங், சரியா இருக்கு" என்று முடிவு பண்ணினால் டம்ளரில் அது சப்பென்றுதான் இருக்கும். ஒரு சின்னக் கிண்ணத்தில் நாலு ஸ்பூன் பானம், ஒரு துண்டு ஐஸ், இரண்டு நிமிடம் பொறுத்து, கலக்கிவிட்டுக் குடித்துப் பாருங்கள். விருந்தாளி வாயில் போகப் போவது அதுதான்.

சர்க்கரையை நேராகக் கொட்டாமல் பாகாக ஊற்றச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது, ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் தப்பு. "ஐஸ் தண்ணீரில் சர்க்கரை கரையாது" என்பார்கள். நன்றாகவே கரையும், உறைநிலைக்குப் பக்கத்தில்கூட ஒரு லிட்டர் தண்ணீர் 1.8 கிலோ வரை சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். பிரச்சினை வேகம். குளிரில் மிக மெதுவாகக் கரையும், நீங்கள் ருசி பார்க்கும்போது பாதி அடியில் கிடக்கும், இனிப்புப் போதவில்லை என்று இன்னும் ஒரு கரண்டி போடுவீர்கள், அரை மணி நேரம் கழித்து எல்லாம் கரைந்து அடிப்பாத்திரம் பாயசமாகியிருக்கும். சம எடை சர்க்கரையும் தண்ணீரும் எடுத்து, சர்க்கரை கரையும் வரை மட்டும் சூடு பண்ணி, ஆற வைத்தால் போதும். கம்பிப் பதமெல்லாம் தேவையே இல்லை. மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும், ஆகவே இதை முந்தின வாரமே முடித்துவிடலாம்.

இப்போது கசப்பு. உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் முதல் ரவுண்டில் இல்லாத கசப்பு பிறகு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு அழகான விடை உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்துப் பழங்களின் விதையிலும், தோலுக்கும் சுளைக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பகுதியிலும் ஒரு பொருள் இருக்கிறது. பழத்துக்குள் இருக்கும்வரை அது கசக்காது. பிழியும்போதோ அரைக்கும்போதோ அணுக்கள் உடைந்து ஜூஸின் அமிலத்தோடு சேர்ந்ததும் அது மெதுவாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. உடனே நடக்காது, நேரம் எடுக்கும். அதனால்தான் பிழிந்தவுடன் தேனாக இருந்த ஜூஸ் மெல்ல மெல்ல முகம் மாறுகிறது. நீங்கள் மூன்றையும் சேர்த்து மிக்ஸியில் அடித்ததாகச் சொல்கிறீர்கள், எலுமிச்சை சுளையாக விதையோடு உள்ளே போயிருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியவன், பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலை அவசரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று 40 லிட்டர் ஆரஞ்சு ஜூஸை முந்தின இரவே பிழிந்து குளிர் அறையில் வைத்துவிட்டுப் பெருமையாகத் தூங்கப் போனேன். பழம் நேவல் ரகம், தொப்புள் மாதிரி அடியில் ஒரு குழி இருக்குமே, அது. விதை இல்லை, உரிப்பது சுலபம், சாப்பிட அருமையான பழம், ஆனால் இந்தத் தாமதக் கசப்புக்குப் பெயர் போன ரகமும் அதுதான். காலையில் ஒரு வாய் குடித்த தலைமைச் சமையல்காரர் ஒன்றும் சொல்லவில்லை, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். குடித்துப் பார்த்தேன், கஷாயம். அன்றைக்குச் சர்க்கரையும் கொஞ்சம் உப்பும் போட்டு ஒப்பேற்றினோம், பாதிக்கு மேல் கீழே போயிற்று. அதிலிருந்து எலுமிச்சையானாலும் ஆரஞ்சானாலும் பரிமாறும் அன்றே, கையால், அழுத்தித் தேய்க்காமல் பிழிகிறேன். தோல் தலைகீழாகத் திரும்பும் வரை நசுக்கினால் கூடுதலாகக் கிடைப்பது சில துளி ஜூஸ், அதோடு இலவசமாகக் கசப்பு.

உப்பு என்றதும் ஞாபகம் வருகிறது, ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்வது மூடநம்பிக்கை இல்லை. உப்பு கசப்பை அடக்குகிறது, கசப்பு அடங்கியதும் அதுவரை அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலே வருகிறது. இதைக் காட்டிய ஆய்வு 1997-ல் நேச்சர் இதழில் வந்தது. எவ்வளவு போடுவது என்பது அவரவர் நாக்கு. நான் லிட்டருக்கு அரை கிராம் போடுவேன், 10 லிட்டருக்கு மட்டமாக ஒரு டீஸ்பூன். உப்பு போட்டது யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் கூடிவிட்டது என்று அர்த்தம்.

புதினாவுக்கு வருவோம். அதையும் மிக்ஸியில் போட வேண்டாம். அரைத்தால் இலையின் பச்சையும், புல் வாசனையும், துவர்ப்பும் எல்லாம் ஜூஸில் இறங்கும், கொஞ்ச நேரத்தில் நொதிகள் வேலையைக் காட்டி அந்தப் பச்சை பழுப்பாகும், தர்பூசணியின் சிவப்போடு சேர்ந்தால் கலங்கிய செம்மண் நிறம்தான் மிஞ்சும். புதினாவின் வாசனை இலையின் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. ஒரு கொத்தை உள்ளங்கையில் வைத்து மறு கையால் இரண்டு தட்டுத் தட்டினால் அது வெளியே வந்துவிடும். தட்டின இலையை ஆறிய பாகில் போட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டு எடுத்துவிடுங்கள், வாசனை பாகோடு போகும், இலை பல்லில் சிக்காது.

புளிப்பு பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் செய்யும் பழ பானங்களில் நான் பார்க்கும் பெரிய குறை சர்க்கரை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை, புளிப்பு போதாமல் இருப்பது. தர்பூசணியில் 92 சதவீதம் தண்ணீர், சர்க்கரை ஏறக்குறைய 6 முதல் 8 சதவீதம், அமிலம் என்று சொல்லிக்கொள்ள அநேகமாக ஒன்றும் இல்லை. வெறும் தர்பூசணி ஜூஸை எவ்வளவு குளிர வைத்தாலும் இரண்டாவது டம்ளர் யாரும் கேட்க மாட்டார்கள். எலுமிச்சைச் சாற்றில் 5 முதல் 6 சதவீதம் சிட்ரிக் அமிலம் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமைவது அதனால்தான். அன்னாசி, ஆரஞ்சு, திராட்சை மாதிரி தானாகவே புளிப்புள்ள பழம் என்றால் எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்துவிடலாம். நன்றாகப் பழுத்த மாம்பழம் என்றால் கூட்ட வேண்டும்.

சரி, அளவு. 30 பேருக்கு ஐஸ் இல்லாமல் 10 லிட்டர் கலக்கச் சொல்வேன். ஐஸ் உருகிச் சேர்வதோடு பதினொன்றரை லிட்டர் பக்கம் வரும், ஆளுக்கு 380 மில்லி, அதாவது ஐஸ் போட்ட நடுத்தர டம்ளரில் இரண்டு. அந்த 10 லிட்டரில் வடிகட்டிய தர்பூசணி ஜூஸ் 7 லிட்டர், எலுமிச்சைச் சாறு 600 மில்லி, பாகு 800 மில்லி, குளிர்ந்த தண்ணீர் 1.6 லிட்டர். பாகுக்கு அரை கிலோ சர்க்கரையும் அரை லிட்டர் தண்ணீரும் எடுத்தால் கணக்காக 800 மில்லி கிடைக்கும். எலுமிச்சை ஒன்றுக்கு 30 மில்லி என்று வைத்தால் 20 பழம், ஆனால் எலுமிச்சையை நம்பக் கூடாது, 25 வாங்குங்கள். தர்பூசணி தோலெல்லாம் போக முக்கால் பங்குக்கும் கீழேதான் சதை நிற்கும், வடிகட்டும்போது இன்னும் கொஞ்சம் போகும், ஆகவே முழுப் பழமாக 14 கிலோ. இந்த அளவில் ஐஸுக்கு முன் 100 மில்லிக்கு 9 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கும், ஐஸ் உருகியபின் 8 முதல் ஒன்பதரை. ஐஸுக்கு முன் குடித்தால் "கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்று தோன்றும், தோன்ற வேண்டும். பழம் நல்ல இனிப்பாக அமைந்துவிட்டால் பாகை 500 மில்லிக்கு இறக்குங்கள். அதனால் பாகை மட்டும் ஒரே மூச்சில் கவிழ்க்காமல், முக்கால் பங்கை ஊற்றி, நான் சொன்ன மாதிரி ஐஸ் போட்டு ருசி பார்த்துவிட்டு, மீதியைப் பற்றி முடிவு பண்ணுங்கள்.

சக்கை பிரிந்து நின்றதற்கு மிக்ஸிதான் காரணம். தர்பூசணியை நீண்ட நேரம் ஓட்டினால் காற்று ஏகமாக உள்ளே போகும், அந்தக் காற்றுக் குமிழிகள் சக்கையைத் தூக்கிக்கொண்டு மேலே போய் நுரையாக நிற்கும். தர்பூசணி அவ்வளவு மென்மையான பழம், விட்டு விட்டு நாலைந்து தடவை ஓட்டினாலே கரைந்துவிடும், விதையும் உடையாது. பெரிய கண் வடிகட்டியில் ஊற்றி, கரண்டியால் லேசாகத் தள்ளிவிட்டு, பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் நுரை எல்லாம் மேலே வரும், அதை வழித்து எடுத்துவிடுங்கள். துணியில் போட்டுப் பிழிந்தால் கண்ணாடி மாதிரி தெளிவாக வரும், ஆனால் தர்பூசணியின் நிறம் சக்கையோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ருசியிலும் ஒரு பகுதி அதோடு போய்விடும். நான் கொஞ்சம் சக்கை இருக்கட்டும் என்ற கட்சி. அப்படியானால் ஒவ்வொரு முறை ஊற்றும் முன்னும் கரண்டியை அடிவரை விட்டு ஒரு கலக்குக் கலக்கத்தான் வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது கண்ணாடி. பித்தளை, செம்பு, அலுமினியம் வேண்டாம், புளிப்பு அவற்றை அரிக்கும். ருசி கெடுவது ஒரு பக்கம், செம்பு அளவுக்கு மேல் ஜூஸில் இறங்கினால் வாந்தி, வயிற்றுவலி வரும். செம்புப் பாத்திரத்தில் வெறும் தண்ணீர் வைப்பவர்கள் உண்டு, அந்தப் பழக்கத்தில் எலுமிச்சை ஜூஸையும் ஊற்றிவிடாதீர்கள்.

வீட்டு ஃபிரிட்ஜில் 10 லிட்டரை ஒரே அண்டாவாக வைத்தால் நடுப்பகுதி குளிர ஒரு நாள்கூட ஆகலாம், இதை யாரும் யோசிப்பதில்லை. ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் பாட்டில்களில் பிரித்து ஊற்றி, இடையில் காற்று போக இடம் விட்டு வைத்தால் சீக்கிரம் குளிரும். வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: பாகு முந்தின வாரம், தர்பூசணி முந்தின மாலை அடித்து வடிகட்டி ஃபிரிட்ஜில், எலுமிச்சை அன்று காலை, கலப்பது விருந்தாளி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. ஃபிரிட்ஜில் இடமே இல்லை என்றால் ஒரு பெரிய பாத்திரத்தில் ஐஸ், தண்ணீர், நாலு கை கல்லுப்பு போட்டு அதற்குள் ஜூஸ் பாத்திரத்தை இறக்கி வைத்து அவ்வப்போது கலக்குங்கள். உப்பு போட்ட ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், ஆகவே இது ஃபிரிட்ஜைவிட வேகம், ஐஸ் தண்ணீரும் ஜூஸில் சேராது. அந்த உப்புத் தண்ணீர் உள்ளே தெறிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பரிமாறும்போதும் பாத்திரத்தை இப்படியே வைத்தால் ஐஸை டம்ளரில் மட்டும் போட்டால் போதும்.

ஜூஸையே ஐஸ் கட்டியாக உறைய வைத்துப் போடலாமே என்று கேட்பீர்கள், நல்ல யோசனைதான், பாதி மட்டும் வேலை செய்யும். உறைந்த ஜூஸ் உருகும்போது சர்க்கரை நிறைந்த பகுதிதான் முதலில் உருகி வெளியேறும், குச்சி ஐஸை உறிஞ்ச உறிஞ்ச நிறம் போய் வெள்ளை ஐஸ் மிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. முதல் சில நிமிடம் இனிப்புக் கூடும், பிறகு தண்ணீர். நான் சாதாரண ஐஸையே பெரிய கட்டியாக உறைய வைக்கிறேன். ஒரே எடைக்குப் பெரிய கட்டிக்கு மேற்பரப்பு குறைவு, மெதுவாக உருகும். சாப்பாட்டு டப்பாவில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் போதும், விளிம்பு வரை நிரப்பாதீர்கள், உறையும்போது 9 சதவீதம் விரியும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன், இங்கே என் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை. வெட்டிய தர்பூசணியை உணவுப் பாதுகாப்பு விதிகள் பால், சமைத்த சோறு மாதிரிப் பொருள்களோடு ஒரே வரிசையில் வைக்கின்றன, புளிப்பு இல்லாததால் கிருமி அதில் சுகமாகப் பெருகும். வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம், வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரே மணி நேரம், அதற்கு மேல் இருந்தது குப்பைக்கு. எலுமிச்சை கலந்தபின் நிலைமை கொஞ்சம் தேவலாம், ஆனால் அமிலத்திலும் பிழைக்கும் கிருமிகள் உண்டு. 1996-ல் அமெரிக்காவில் பதப்படுத்தாத ஆப்பிள் ஜூஸைக் குடித்துப் பலர் ஈ. கோலை கிருமியால் பாதிக்கப்பட்டார்கள், ஒரு குழந்தை இறந்தது. ஆப்பிள் ஜூஸ் புளிப்பான ஜூஸ்தான். ஆகவே 10 லிட்டரையும் வெளியே கொண்டுபோய் வைக்காமல் இரண்டு இரண்டு லிட்டராக எடுங்கள். பழத்தை வெட்டும் முன் தோலைத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லையென்றால் கத்தி தோலில் இருப்பதைச் சதைக்குள் கொண்டுபோகும். குடிக்க முடியாத தண்ணீரில் செய்த ஐஸ் கூடாது, உறைவதால் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான்.

வேறு பழம் போடலாமா, பால் சேர்க்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அன்னாசி அருமையாக இருக்கும், ஆனால் பாலோடு வேண்டாம். அதிலுள்ள புரொமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தை வெட்டிக் கசப்பாக்கும், பப்பாளியிலும் கிவியிலும் இதே வேலை செய்யும் வேறு நொதிகள் இருக்கின்றன. எலுமிச்சை சேர்ந்த எதிலும் பால் ஊற்றினால் திரியும், அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆப்பிள் என்றால் வெட்டியவுடன் எலுமிச்சைச் சாறு, இல்லையேல் பழுப்பு. சோடா சேர்ப்பதாக இருந்தால் தண்ணீருக்குப் பதில் அந்த 1.6 லிட்டரைச் சோடாவாக, டம்ளரில் கடைசியில், நன்றாகக் குளிர்ந்ததாக ஊற்றுங்கள். வாயு குளிர்ந்த நீரில்தான் தங்கும், பூஜ்யம் டிகிரியில் தங்கும் அளவில் பாதிதான் 20 டிகிரியில் தங்கும். அண்டாவில் ஊற்றிக் கலக்கினால் சோடா வாங்கிய காசு காற்றில்.

உடம்புக்கு என்ன செய்யும் என்ற விஷயத்தில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், இணையத்தில் சொல்லப்படுவது ரொம்ப. "உடம்பிலுள்ள நஞ்சை வெளியேற்றும்" என்பதை நான் நம்புவதில்லை, அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. மெந்தால் நிறைந்த புதினா ரகங்கள் வாயில் தரும் குளிர்ச்சி நிஜமான உணர்வு, குளிரை உணரும் அதே ஏற்பியைத்தான் மெந்தால் தட்டி எழுப்புகிறது, அந்த மாதிரி ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்குத்தான் டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படாபூட்டியன் இருவருக்கும் 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உடம்பின் வெப்பம் அதனால் இறங்குவதில்லை. பழச்சாறு என்பதால் சர்க்கரை சர்க்கரையில்லை என்றும் ஆகாது, உலக சுகாதார நிறுவனம் ஜூஸில் உள்ள சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டிய கணக்கில்தான் சேர்க்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாகு கலக்கும் முன் ஒரு ஜக் எலுமிச்சை, புதினா, தண்ணீர் மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், கேட்க வைக்காதீர்கள். தேன் போடுவதாக இருந்தால் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு ஒரு ஸ்பூன்கூடக் கூடாது. சிறுநீரகம் பாதித்தவர்கள் கூட்டத்தில் இருந்தால் நட்சத்திரப் பழம் பக்கமே போகாதீர்கள், அவர்களுக்கு அது உண்மையிலேயே நஞ்சு. கிரேப்ஃப்ரூட் சில கொழுப்பு மாத்திரைகளின், ரத்த அழுத்த மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டிவிடும், ஆகவே யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று தெரியாத கூட்டத்துக்கு நான் அதைப் போடுவதே இல்லை.

மிச்சம் ஆனால், ஃபிரிட்ஜை விட்டு வெளியே வராத பாட்டில்களை மட்டும் மறுநாள் வரை வைத்துக் குடிக்கலாம். மேசையில் இருந்த பாத்திரத்தில் நாலு டம்ளர் மீந்திருந்தாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். உங்கள் ஃபிரிட்ஜில் எத்தனை பாட்டில் நிற்கும், எத்தனை மணிக்கு ஆட்கள் வருவார்கள் என்று எழுதினால், எதை எப்போது எடுத்து வெளியே வைப்பது என்று நேரம் போட்டுத் தருகிறேன்.